நிரம்பாத தொட்டி

பெருநத்தத்தில் எல்லாருக்கும் ஒரு செடி இருந்தது, எனக்கு மட்டும் இல்லை. தாலுகா ஆபீஸ் பியூனுக்கு இருந்தது, பல் டாக்டருக்கு இருந்தது, மூன்று வருடத்துக்கு முன்னால் செத்துப்போன மாவு மில் கோதண்டத்துக்குக்கூட இருந்தது. அந்த ஊரின் பீ முழுவதையும் பதினோரு வருடமாக உறிஞ்சி எடுத்துச் சுமந்த எனக்கு இல்லை. இதைச் சொல்லும்போது இப்போதும் காது சூடாகிறது.

பள்ளத்திலிருந்து தொடங்குகிறேன். ஊருக்கு வடக்கே சிமெண்டு ஆலைக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டி வெட்டி அறுபது ஏக்கரைக் குடைந்துவிட்டு, கல் தீர்ந்ததும் ஆலைக்காரர்கள் போர்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஆலை ஓடிய கடைசி நாலு வருடம் அந்தப் பள்ளத்தில் கல் பொறுக்கியவன் நான். அதற்கப்புறம் இருபத்திரண்டு வருடம் அங்கே ஒரு அருகம்புல் முளைக்கவில்லை. மழை பெய்தால் பால் மாதிரித் தண்ணீர் நிற்கும், வெயிலடித்தால் கண் கூசும், மாடு தவறி இறங்கினால் குளம்பு வெளுத்து ஏறிவரும், காற்றடித்தால் வடக்குத் தெருக்காரர்கள் சோற்றில் வெள்ளைப் பொடி விழுகிறது என்று தட்டை மூடிக்கொண்டு சாப்பிடுவார்கள். அப்படிப்பட்ட பள்ளத்தை மறுபடியும் நிலமாக்கலாம் என்று நகராட்சியிலிருந்து ஒரு பொறியாளர் அம்மா வந்தார். வீட்டுக் கழிப்பறைத் தொட்டிகளில் அடியில் தங்குகிற கசடை எடுத்து, மணல் பரப்பிய படுகையில் ஊற்றி, அப்பளம் மாதிரி வெடிக்கிறவரை காயவைத்து, ஆலை விட்டுப்போன வெள்ளை மண்ணோடு கலந்து முழங்கால் உயரம் பரப்பினால் போதும் என்றார். ஊர் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அதுவரை கசடைக் கொட்ட இடமில்லாமல் ஓடை ஓடையாக விரட்டப்பட்டவனுக்கு அறுபது ஏக்கர் கிடைத்தால் சிரிப்பா வரும்?

ஊரில் இரண்டே கக்கூஸ் வண்டிகள். ஒன்று என்னுடைய பச்சை லாரி. இன்னொன்று அம்புரோஸின் நீல லாரி. எனக்கு நாலு வருடம் பின்னால் தொழிலுக்கு வந்தவன், என்னிடமே குழாய் மாட்டக் கற்றுக்கொண்டவன், என் கொல்லைக்கும் அவன் கொல்லைக்கும் நடுவில் ஒரு சந்துதான். யார் வீட்டுக் கசடில் அமிலம் கிமிலம் வந்தாலும் கண்டுபிடிக்க வேண்டும் என்று பொறியாளர் அம்மா ஒவ்வொரு வீட்டு லோடையும் தனித்தனிப் பாத்தியாகப் பரப்பச் சொல்லி, பாத்திக்கு ஒரு தகடு நட்டு, தகட்டில் வீட்டு எண் எழுதச் சொன்னார். அந்தத் தகடுகள்தான் பிற்பாடு இத்தனைக்கும் காரணம் என்று சிலர் சொன்னார்கள். நான் காரணத்தை ஆராயவில்லை. அப்படி ஆயிற்று, அவ்வளவுதான்.

புங்கனும் வேம்பும் வைப்பதற்காகக் குழி எடுத்து வைத்திருந்தோம். அதற்குள் ஆவணி மழையில் பாத்தி பாத்தியாகத் தக்காளி முளைத்துவிட்டது. இதில் அதிசயம் ஒன்றுமில்லை. மனுசன் கல்லைச் செரித்தாலும் தக்காளி விதையைச் செரிக்கமாட்டான் என்பது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். ஐப்பசி முதல் வாரம் விருத்தாம்பாள் டீச்சர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பள்ளம் காட்டக் கூட்டிக்கொண்டு வந்தார். டீச்சர் இடது பக்கம் நடந்தபோது ஒரு தக்காளிச் செடி இடது பக்கம் திரும்பியது. வலது பக்கம் நடந்தபோது வலது பக்கம் திரும்பியது. காற்றில்லை. பக்கத்துப் பாத்திச் செடிகள் அசையவில்லை. டீச்சர் நின்றார், செடியும் நின்றது.

"கொளஞ்சி, இது யாரு வீட்டுப் பாத்தி?"

"ஒங்க வீட்டுதுதான் டீச்சர். சித்திரையில எடுத்தமே."

"அப்படியா," என்றார். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "தண்ணி ஊத்துறதில்லையா இதுக்கு? வாடுன மாதிரி இருக்கு," என்று என்னைக் கடிந்துகொண்டு, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தப் போய்விட்டார்.

அன்று சாயங்காலமே ஊர் இறங்கியது. என் லாரி போனால் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ப்பக்கம் போனவர்கள், என்னைத் தண்ணீர்ச் செம்பைத் தொடவிடாமல் கையில் ஊற்றியவர்கள், குழாயைச் சுருட்டுவதற்குள் கதவைச் சாத்தியவர்கள் எல்லாரும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பள்ளத்துச் சரிவில் இறங்கி, தகடு தகடாகத் தேடி, அவரவர் பாத்திக்கு முன்னால் போய் நின்றார்கள். செடிகள் அவரவரைப் பார்த்துத் திரும்பின. அவர்களும் வெகுநாள் பிரிந்த சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி, "இளைச்சிட்டியே," "நல்லா காச்சிருக்கியே," என்று விசாரித்துவிட்டு, பஜனை கேட்டு வருகிறவர்களைப் போல அமைதியாக வீட்டுக்குத் திரும்பினார்கள். காயைப் பறிக்கக் கூடாது என்று பொறியாளர் அம்மா சொல்லியிருந்தார். சொல்லியிருக்கவே வேண்டாம். முகத்தைப் பார்க்கிற செடியில் யார் கை வைப்பார்கள்?

ஒரு மாதத்தில் பழகிவிட்டது. பெண் கொடுக்கிறவர்கள் ஜாதகத்தோடு மாப்பிள்ளை வீட்டுப் பாத்தியையும் பார்த்தார்கள். காய்ச்சலில் கிடந்தவனைத் தூக்கிக்கொண்டு வந்து செடி முன்னால் உட்காரவைத்தார்கள். செடி நிமிர்ந்து நின்றால் பிழைத்துக்கொள்வான் என்று தைரியமானார்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கிற மகனுடைய செடி மேற்கே, திருச்சி விமான நிலையத்தின் பக்கம் பார்த்து நிற்பதைக் கண்டுபிடித்த ஒரு அம்மாள், தினமும் அதன் பின்னால் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போனாள். பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பறைப் பாத்திதான் பாவம். அதன் செடிகள் யாரைத் தேடுவது என்று தெரியாமல் மேலே ரோட்டில் ஹாரன் அடிக்கிற திசைக்கெல்லாம் திரும்பித் திரும்பிக் கழுத்து முறுக்கிக்கொண்டு நின்றன.

தொட்டிக் கசடு என்பது இன்று நேற்று சேர்ந்தது இல்லை. அஞ்சு வருடத்தது இருக்கும், எட்டு வருடத்தது இருக்கும். நடுவில் செத்தவர்களும் அதில் உண்டு. மாவு மில் கோதண்டத்தின் பாத்தியில் ஒரு செடி யார் போனாலும் அசையாமல் குத்துக்கல்லாக நின்றது. அவர் பெண்சாதி அமிர்தவல்லி சரிவில் தலை காட்டியதுதான் தாமதம், இலையெல்லாம் சலசலவென்று அவள் பக்கம் சாய்ந்தது. அவள் அழவில்லை. "உசுரோட இருந்தப்ப ஒரு நாளு நிமிந்து பாத்ததில்ல," என்று மோவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள். அப்புறம் பார்த்தால் செத்த ஆண்பிள்ளைகளின் செடிகள் எல்லாமே அப்படித்தான், பெண்சாதியைப் பார்த்துத் திரும்பின. உயிரோடிருக்கிறவன் செடி அவனைப் பார்க்கும், செத்தவன் செடி அவளைப் பார்க்கும் என்று ஊர் ஒரு கணக்குக்கு வந்து, அதற்குமேல் அதை யோசிக்கவில்லை.

சங்கடமும் வந்தது. ரேஷன் கடையில் எடை போடுகிற சோலைமுத்து, மேலத்தெரு வீடு ஒன்றின் பாத்தியைத் தாண்டிப் போகும்போது அந்த வீட்டுத் தக்காளி ஒன்று துள்ளித் திரும்பியது. அவன் பெண்சாதி பக்கத்திலேயே நின்றாள். ஏதோ ஒரு நாள் அவசரத்துக்குப் போனேன் என்றான். ஒரு நாள் போனவனுக்கு இத்தனை பெரிய செடியா வரும் என்று அவள் கேட்டாள். அன்றைக்கு ஏறிய பேருந்தில் அம்மா வீட்டுக்குப் போனவள் மூன்று மாதம் கழித்துத்தான் வந்தாள். அதற்குப் பிறகு பெரிய மனுசர்கள் கூடி, ஒரே நாளில் ஊரே இறங்க வேண்டாம், தெருவுக்கு ஒரு கிழமை என்று முறை வைத்தார்கள். எங்கள் தெருவுக்குச் சனிக்கிழமை.

எனக்கு எல்லாக் கிழமையும் பள்ளத்தில்தான் வேலை, எனக்கு ஒரு பாத்தியும் இல்லை. ஏன் என்றால் என் தொட்டி நிரம்பாது.

அதை நான்தான் ஊர் முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். "ஒங்க வீட்டுத் தொட்டிய மூணு வருசத்துக்கு ஒருக்கா எடுக்க வேண்டியிருக்கு, என் தொட்டியப் பாருங்க, கட்டி பதினாலு வருசம், மூடியத் தொறந்ததில்ல," என்பேன். கேட்டவர்கள் வாயைப் பிளப்பார்கள். அந்தத் தொட்டியின் கதையைச் சொன்னால் என் கல்யாணக் கதையைச் சொல்ல வேண்டும். தையல்நாயகியைப் பெண் பார்க்கப் போனபோது அவள் அப்பாவோடு நான் ஒரு பொழுது முழுக்கப் பேரம் பேசினேன். பந்தல் யாருடையது, பாத்திரம் யாருடையது, எத்தனை பேருக்கு இலை என்று நான் விடவில்லை, அவரும் விடவில்லை. எல்லாம் முடிந்து எழுந்தபோது உள்ளேயிருந்து அவள் அத்தையை அனுப்பி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். மாப்பிள்ளை வீட்டில் கக்கூஸ் இருக்கிறதா?

"இருக்கு," என்றேன். இல்லை. ஊருக்கு வந்ததும் அன்றைக்கே கொல்லையில் கடப்பாரையைப் போட்டேன். பதிமூன்று நாளில் குழி வெட்டி, உறை இறக்கி, சுவர் எழுப்பி, கதவு மாட்டினேன். அடித்தளம் மட்டும் போடவில்லை. அதற்குக் கான்கிரீட் போட்டு ஒரு வாரம் தண்ணீர் விட்டு ஆறவைக்க வேண்டும் என்றான் கொத்தனார், முகூர்த்தத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது. அடியில் வெறும் மண். போட்டதையெல்லாம் மண் குடித்துக்கொண்டே இருந்தது, தொட்டி நிரம்பவே இல்லை. தொழிலுக்கு வந்த பிறகு அது தப்பு என்று எனக்குத் தெரியாமலா இருக்கும்? ஆயிரம் தொட்டியில் தலையை விட்டுப் பார்த்தவன். ஆனால் பதிமூன்று நாளில் கட்டினது. அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அம்புரோஸ் வீட்டில் மூன்று அறை வைத்த தொட்டி, அடியும் பூசியது, மூன்று வருடத்துக்கு ஒருமுறை நீல லாரியை வைத்து அவனே எடுப்பான். அவன் பாத்தியைப் பார்க்க வேண்டுமே! இடுப்பு உயரம், கொத்துக் கொத்தாகக் காய். அவன் லாரியிலிருந்து இறங்கிக் கையை உதறினால் ஒன்றிரண்டு தவிரச் செடிகள் எல்லாம் தலையைத் தூக்கும். வாய்க்கால் வரப்பில் உட்கார்ந்து அவன் டீ குடிக்கும்போது அவை வட்டமாக அவனைச் சுற்றி நிற்பதைப் பார்த்தால் எனக்குக் குடல் பற்றிக்கொண்டு எரியும். என் செடி என்று ஒன்று இருந்தால் இவன் செடியைவிட ஒரு சாண் உயரமாக இருந்திருக்கும் என்று நினைப்பேன்.

நான் சும்மா இருக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக்கு ஒரு மாதம் வேண்டுமென்றே போனேன். யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், சாப்பிட்டதும் அவர்கள் கொல்லைப்பக்கம் எங்கே என்று கேட்டேன். அந்தக் கசடெல்லாம் வெளியே வருவதற்கு வருடமாகும் என்று தெரிந்தும் தினம் அறுபது ஏக்கரையும் ஒரு சுற்றுச் சுற்றினேன். தெரியாத்தனமாக எங்கேயாவது ஒரு செடி என்னைப் பார்க்காதா? ஒன்றும் பார்க்கவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு அம்புரோஸிடமே பேரம் பேசினேன்.

"ஏழெட்டு வச்சிருக்கியே, ஒன்னப் புடுங்கித் தாயன். மேட்டுத் தெரு லோடு இனிமே முழுக்க நீயே எடுத்துக்க."

"செடியத் தரலாம் அண்ணே," என்றான் அம்புரோஸ். "அது ஒங்களத் திரும்பிப் பாக்கணுமே."

சொல்லிவிட்டு டீயை உறிஞ்சினான். அந்த உறிஞ்சல் சத்தம் மூன்று நாள் என் காதில் கேட்டது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எனக்கு இல்லாவிட்டால் என்ன, தையல்நாயகிக்கு இருக்கலாம். அவள் அம்மா வீட்டுக்குப் போகிறவள், நாலு இடம் போகிறவள், எங்கேயாவது ஒன்று முளைத்திருக்கும், பெண்சாதி செடி என்றால் அதில் பாதி எனக்குத்தானே. அவள் ஒருநாளும் பள்ளத்துக்கு வந்ததில்லை. கூப்பிட்டேன்.

"நான் வரல," என்றாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே.

"ஏன்?"

"வேணாங்க. இருக்கறது இருக்குற எடத்துல இருக்கட்டும்."

நான் எதற்கும் முதல் பதிலை ஒத்துக்கொண்டவனில்லை. அம்மன் கோயிலுக்கு என்றேன், வரும் வழியில் புடவைக்கடை என்றேன், ஒரே சுற்று, அஞ்சு நிமிஷம் என்றேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். "பிற்பாடு என்னக் குத்தம் சொல்லக் கூடாது," என்றாள். எதற்குச் சொல்கிறாள் என்று எனக்கு உறைக்கவில்லை.

சனிக்கிழமை. எங்கள் தெரு முழுக்க அங்கே இருந்தது. நான் முன்னால், அவள் பின்னால். ஒவ்வொரு பாத்தியாகக் கடந்தோம், ஒன்றும் அசையவில்லை. அம்புரோஸின் பாத்தி வந்தது. ஓரத்தில் நின்ற ஒரு தக்காளி, அந்தப் பாத்தியிலேயே செழித்த செடி, ஏழு பழம் பழுத்துத் தொங்கியது, மெல்லத் திரும்பியது. அம்புரோஸ் அங்கே இல்லை. நான் நகர்ந்தேன், அது என்னைச் சட்டை செய்யவில்லை. தையல்நாயகி நகர்ந்தாள். செடி கூடவே வந்தது, கன்றுக்குட்டி மாதிரி.

தெருவே பார்த்தது. ஒருத்தர் தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று கீழே காட்டினார், இன்னொருத்தர் மழை வரும்போல என்று அண்ணாந்து பார்த்தார். அந்த மரியாதையைவிட அவர்கள் காறித் துப்பியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். என்ன கத்தினேன் என்று இங்கே சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. "அவன் வீட்ல ஒனக்கு என்னாடி வேல? ஒரு நாளு போனவளுக்கா அவ்வளவு பெரிய செடி வரும்?" என்று சோலைமுத்து பெண்சாதி கேட்ட கேள்வியையே நானும் கேட்டேன். அவள் தட்டை எடுத்து வைத்தாள். சோறு போட்டாள், நான் சாப்பிடவில்லை. தண்ணீர் வைத்தாள், குடித்தேன். கோபத்தில் நிறையத் தாகம் எடுக்கிறது.

ஏழு பழம். எனக்கு அந்தக் கணக்குதான் மண்டையில் ஓடியது. என் வீட்டில் பதினாலு வருடம் தின்ற சோறு ஒரு இலைகூட விடவில்லை, அவன் வீட்டில் ஏழு பழம். நீல லாரியைப் பார்த்தால் கண்ணாடியை உடைக்கலாம்போல இருந்தது. அவன் முகத்தில் அவள் என்ன பார்த்தாள், அந்தப் பல்லா, அந்த அரும்பு மீசையா என்று கண்ணாடி முன்னால் நின்று என் முகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நாற்பது வயதில் இதைச் செய்தேன்.

அவள் விடியக்காலையில் குடத்தை எடுத்துக்கொண்டு போவாள், தெருக்குழாய்க்கு என்று நினைத்திருந்தேன். திங்கட்கிழமை விடிந்தும் விடியாமல் பின்னாலேயே போனேன். அவள் குழாய்ப் பக்கம் திரும்பவில்லை. சந்துக்குள் புகுந்தாள், அம்புரோஸ் வீட்டுக் கொல்லைப் படலைத் தள்ளிக்கொண்டு தன் வீடு மாதிரி உள்ளே போனாள்.

"டேய் அம்புரோஸு! வெளிய வாடா!"

வந்தது அவன் பெண்சாதி லூர்துமேரி, கையில் விளக்குமாறு. "என்னாண்ணே காலங்காத்தால? அவரு லோடு எடுக்க நாலு மணிக்கே போயிட்டாரே."

"என் பொண்டாட்டி எங்க?"

லூர்துமேரி விளக்குமாற்றால் காட்டினாள். கொல்லை மூலையில் கழிப்பறைக் கதவு திறந்தது. ஈரக் காலோடு தையல்நாயகி வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள். பயப்படவில்லை, வெட்கப்படவும் இல்லை. பக்கெட்டிலிருந்து தண்ணீர் மொண்டு காலைக் கழுவினாள்.

"ஏழு வருசமா இங்கதான் வர்றன்," என்றாள். "ஊரு பீயெல்லாம் மோந்து பாக்குறீங்க, நம்ம வீட்டுக் கெணத்துத் தண்ணிய ஒரு தடவ மோந்து பாத்துருக்கீங்களா?"

"அதுக்கென்ன?"

"தொட்டிக்கும் கெணத்துக்கும் பதினஞ்சடிதான். அடியில்லாத தொட்டி. போனதெல்லாம் எங்க போவும்? ஏழு வருசத்துக்கு முன்னாடி தண்ணி நாற ஆரம்பிச்சுது. அன்னையிலேந்து நான் அந்தக் கக்கூசுக்குப் போறதில்ல, அந்தத் தண்ணியத் தொடுறதில்ல. நீங்க குடிக்கிற தண்ணியும் இங்கதுதான்."

சனிக்கிழமை கோபத்தில் மூன்று செம்பு குடித்திருந்தேன், அம்புரோஸ் வீட்டுத் தண்ணீர்.

"எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"மூணு தடவ சொன்னன். மூணு தடவையும், பதிமூணு நாள்ல கட்டுனவன்டி நானுன்னு ஆரம்பிச்சிட்டீங்க." குடத்தை இடுப்பில் வைத்தாள். "நான் ஒன்னுதாங்க கேட்டன். கல்யாணத்துக்கு முன்னாடி ஒன்னே ஒன்னு."

லூர்துமேரி மறுபடி கூட்ட ஆரம்பித்தாள். அந்தத் தெருவில் பெண்கள் எல்லாருக்கும் இது ஏழு வருடமாகத் தெரியும் என்பது அவள் கூட்டுகிற விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

அன்று நான் லோடுக்குப் போகவில்லை. கடப்பாரையை எடுத்து என் தொட்டி மூடியைப் பெயர்த்தேன். பதினாலு வருடத்துக்கும் சேர்த்து உள்ளே ஒன்றுமில்லை. கறுத்த ஈரமும் ஒரு தவளையும் இருந்தன. மொத்தத்தையும் மண் குடித்திருந்தது. ஆலை கல்லை எடுத்துக்கொண்டு போட்டுவிட்டுப் போன பள்ளத்துக்கும் நான் என் கொல்லையில் வைத்திருந்த பள்ளத்துக்கும் என்ன வித்தியாசம் என்று உறையின் விளிம்பில் உட்கார்ந்து ரொம்ப நேரம் யோசித்தேன். பிறகு அதை மண் போட்டு மூடினேன். கிணற்றை விட்டு அறுபதடி தள்ளி, வாசல் பக்கமாகப் புதுக் கக்கூஸும் தொட்டியும். அடிக்குக் கான்கிரீட், பத்து நாள் சாக்கு போட்டுத் தண்ணீர் விட்டு ஆறவைத்தேன். அம்புரோஸ் வீட்டில் மூன்று அறை, எனக்கு நாலு. மூன்றே போதும் என்று பொறியாளர் அம்மா சொன்னார். அவருக்கு என்ன தெரியும். சுவருக்கு வெள்ளைப் பளிங்கு ஓடு, கதவுக்குத் துருப்பிடிக்காத தாழ்ப்பாள், கடையில் பதினெட்டுத் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்துச் சத்தம் நல்லா இருக்கிறதை எடுத்தேன்.

எல்லாம் முடிந்து சாவியை அவளிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

"நெரம்பட்டும், பாக்கலாம்," என்று சொல்லிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு அம்புரோஸ் வீட்டுச் சந்துக்குள் போனாள்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஆக, நான் ஒருத்தன் போய் அந்த நாலு அறையை நிரப்ப வேண்டும். மூன்று வருடம் யார் காத்திருப்பது? எட்டாம் மாதமே குழாயைப் போட்டு உறிஞ்சினேன். ஆறாயிரம் லிட்டர் லாரியில் அது அடியில் ஒரு மூலையில் சலம்பியது. பள்ளத்தில் அம்புரோஸ் குழாயைச் சுருட்டிக்கொண்டு நின்றான். "அண்ணே, இதுக்கு லாரி எதுக்கு, ஒரு குண்டான்ல கொண்டாந்துருக்கலாமே," என்றான். நானே காயவைத்தேன், நானே வெள்ளை மண்ணோடு மிதித்துக் கலந்தேன், பள்ளத்தில் இன்னும் புல் எட்டாத வடமூலையில், நான் கல் பொறுக்கிய இடத்தில், ஒரு பாய் அகலத்துக்குப் பரப்பி, தகட்டில் என் வீட்டு எண்ணை எழுதி நட்டேன்.

இருபது நாளில் ஒன்று முளைத்தது. தக்காளி இல்லை, மிளகாய். ஊர் சிரித்தது. "கொளஞ்சிக்கு வேற என்னா வரும்?" என்றார்கள். எனக்குக் கோபமே வரவில்லை. ஒரு முழம் வளரட்டும் என்று நானே அதன் பக்கம் போகாமல் பொறுத்திருந்து, ஒரு சனிக்கிழமை, குளித்துவிட்டு, சலவை வேட்டி கட்டிக்கொண்டு போய் அதன் முன்னால் நின்றேன்.

செடி அசையவில்லை.

இடது பக்கம் போனேன். வலது பக்கம் போனேன். குனிந்தேன், உட்கார்ந்தேன். பின்னால் தெரு கூடிவிட்டது. "பேரு சொல்லிக் கூப்புடு," என்றார் ஒருத்தர். "இந்தா, இந்தப் பக்கம் பாரு," என்றேன் மெதுவாக. "மோட்டார் வச்சித் தண்ணி விடறன். புங்கன் ஒன்னு நட்டு நெழலு தர்றன். ஒருத்தனும் தொடாம முள்ளு அடைக்கிறன். ஒரே ஒரு தடவ திரும்பு, அப்பறம் நீ எந்தப் பக்கம் வேணா பாத்துக்க." என் வாழ்நாளில் நான் இப்படிக் கீழே இறங்கிப் பேரம் பேசியதில்லை. மிளகாய்ச் செடி முறைத்துக்கொண்டு அப்படியே நின்றது. தள்ளி நின்ற அம்புரோஸின் தக்காளிகள்கூட என்னைப் பார்ப்பது மாதிரி எனக்கு ஒரு பிரமை.

எழுந்து வேட்டியைத் தட்டினேன். அப்போதுதான் செடியின் உச்சி இலை நடுங்கியது. பிறகு ஒவ்வொரு இலையாக, பிறகு தண்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பியது. சரிவைப் பார்த்தது. சரிவில் லூர்துமேரியும் தையல்நாயகியும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு இறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.

தையல்நாயகி கூட்டத்தைப் பார்த்து நின்றாள். வலது பக்கம் நகர்ந்தாள். செடி வலது பக்கம் போனது. இடது பக்கம் வந்தாள். இடது பக்கம் வந்தது.

எனக்கு அந்த நிமிஷத்தில்கூடப் புத்தி எங்கே போனது என்று பாருங்கள். "இது ஒன்னுதா?" என்று கேட்டேன். "எனக்குத் தெரியாம நம்ம வீட்டுத் தொட்டிக்கு வந்தியா?"

"நான் எங்க வந்தன்?" என்றாள். "இன்னைக்கிக் காலையிலகூட இவ வீட்டுக்குத்தான போனன்."

லூர்துமேரி ஆமாம் என்று தலையாட்டினாள். மாவு மில் கோதண்டத்தின் பெண்சாதி அமிர்தவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அந்தக் கணக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும், ஆனால் யார் வாயிலும் வரவில்லை. அம்புரோஸ்தான் இரண்டடி முன்னால் வந்து, என் முகத்தை உற்றுப் பார்த்து, நிஜமான கவலையோடு கேட்டான்.

"அண்ணே, உசுரோடதான இருக்கீங்க?"

பள்ளம் முழுக்கச் சிரிப்பு, அறுபது ஏக்கரிலும் மோதி எதிரொலித்தது. பஸ் ஸ்டாண்டுச் செடிகள் அந்தச் சத்தத்துக்குத் திரும்பின. நான் அடிக்கக் கையை ஓங்கினேன், கை பாதியில் நின்றுவிட்டது. தையல்நாயகி மட்டும் சிரிக்கவில்லை. வந்து பாத்தியோரம் குந்தி, செடியை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தாள். பிறகு கையிலிருந்த பாட்டில் தண்ணீரில் பாதியை அதன் தூரில் ஊற்றினாள். மீதியை என்னிடம் நீட்டினாள். அம்புரோஸ் வீட்டுத் தண்ணீர்தான். குடித்தேன்.

வீடு வரைக்கும் அவள் முன்னால், நான் பின்னால்.

மறுநாள் விடியக்காலை படுக்கையில் கிடந்தபடியே காது கொடுத்துக் கேட்டேன். அவள் எழுந்தாள். குடம் எடுக்கிற சத்தத்துக்குக் காத்திருந்தேன், வரவில்லை. கொல்லைக் கதவு திறக்கிற சத்தத்துக்குக் காத்திருந்தேன், அதுவும் வரவில்லை. வாசல் பக்கம் ஆணியில் மாட்டியிருந்த சாவி குலுங்கியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம், பதினெட்டில் பொறுக்கி எடுத்த அந்தத் தாழ்ப்பாளை யாரோ உள்ளேயிருந்து போடுகிற சத்தம் கேட்டது.